என்.எஃப்.டி ஓவியம் வாங்குவது எப்படி? வாலெட் முதல் விற்பனை வரை முழுமையான வழிகாட்டி

“அண்ணா, ஒரு படம் வாங்கிட்டேன். ஆனா வாலெட்ல காட்ட மாட்டேங்குது.” எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். படம் என்றால் என்.எஃப்.டி ஓவியம்: பிளாக்செயின் என்ற பொது டிஜிட்டல் பேரேட்டில் உரிமைப் பதிவு உள்ள டிஜிட்டல் படம். வாலெட் என்பது அந்தப் பதிவையும் கிரிப்டோ பணத்தையும் கையாளும் மென்பொருள். பணம் போன பிறகுதான் கேள்வி வருகிறது. நண்பர்கள், நண்பர்களின் தம்பிகள் என்று இதுவரை பதினைந்து பேருக்காவது பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டியிருப்பேன். அவர்களில் யாரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள், வரிசையைத்தான் மாற்றிவிட்டார்கள். படம் பிடித்ததும் வாங்கினார்கள், அப்புறம் வாலெட்டைப் பற்றிப் படித்தார்கள், மார்ச் மாதம் வந்ததும் வரியைப் பற்றிக் கேட்டார்கள்.

நிலம் வாங்கும்போது நாம் இப்படிச் செய்வதில்லை. தாய்ப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுப்போம். இங்கேயும் அதே வரிசைதான். கீழே இருப்பது எத்தீரியம், டெசோஸ் என்ற இரண்டு பிளாக்செயின்களில் நான் செய்து பார்த்த முறை. வரிக் கணக்கு இந்தியாவில் வசிப்பவர்களுக்கானது; வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தப் பகுதிக்கு மட்டும் அங்குள்ள சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

ஒரு லேப்டாப். முதல் சில வாங்கல்களைக் கைப்பேசியில் செய்யாதீர்கள். சின்னத் திரையில் கான்ட்ராக்ட் (டோக்கனைக் கையாளும், பிளாக்செயினில் உள்ள நிரல்) முகவரியின் நடுப்பகுதி மறைந்துவிடும், எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்பதும் முழுதாகத் தெரியாது.

அந்த லேப்டாப்பில் இதற்கென்று தனியாக ஒரு பிரவுசர் ப்ரொஃபைல் திறந்து, அதில் வாலெட்டைத் தவிர வேறு எந்த எக்ஸ்டென்ஷனையும் போடாமல் இருங்கள். எங்கேயும் கொடுத்திராத புதிய மின்னஞ்சல் ஒன்று வேண்டும். ஒரு நோட்டு, ஒரு பேனா. ஒரு ஸ்ப்ரெட்ஷீட்.

பணத்தைப் பொறுத்தவரை, முழுதும் போனாலும் வீட்டில் சொல்லிவிட்டுத் தூங்க முடிகிற தொகை. கடன் வாங்கி இதில் இறங்கிய ஒருவருக்கு நான் உதவ மறுத்திருக்கிறேன், இப்போதும் மறுப்பேன்.

2. வாங்குவது படமா, பத்திரமா?

திரையில் ஒரு படம் தெரிகிறது. வாங்கு பொத்தானை அழுத்துகிறோம். படம் நமக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன.

முதலாவது டோக்கன். பிளாக்செயினில் ஒரு கான்ட்ராக்ட்டுக்குள், இந்த எண்ணுள்ள டோக்கன் இந்த முகவரிக்குச் சொந்தம் என்ற ஒரு பதிவு. நம் பெயருக்கு மாறுவது இது ஒன்றுதான். இரண்டாவது மெட்டாடேட்டா. படத்தின் பெயர், விவரம், படம் எங்கே இருக்கிறது என்ற இணைப்பு ஆகியவை உள்ள சின்னக் கோப்பு. மூன்றாவதுதான் படக் கோப்பு. டோக்கன் மெட்டாடேட்டாவைக் காட்டுகிறது, மெட்டாடேட்டா படத்தைக் காட்டுகிறது. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் கையில் வெறும் எண் மட்டும் மிஞ்சும்.

இது கற்பனைக் கவலை இல்லை. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் (நாணயம் வாங்கி விற்கும் தளம்) திவாலானது. அங்கே உருவாக்கப்பட்ட டோக்கன்களின் மெட்டாடேட்டா அந்த நிறுவனத்தின் சர்வரிலேயே இருந்தது. டோக்கன் பிளாக்செயினில் பத்திரமாக இருக்க, படம் இருந்த இணைப்பு திவால் நடவடிக்கைக்கான பக்கத்துக்குப் போனது.

பதிப்புரிமையும் (காப்பிரைட்) டோக்கனோடு வருவதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். பெரும்பாலான ஓவியர்கள் தருவது சொந்தமாகப் பார்க்கவும் காட்டவும் மட்டுமான அனுமதி. டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். எக்ஸ்காப்பி போல சிலர் தங்கள் படைப்புகளைப் பொதுச் சொத்தாகவே விட்டிருக்கிறார்கள். அங்கே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், டோக்கன் வைத்திருப்பவருக்குத் தனிச் சலுகை கிடையாது.

3. பணம் போடும் முன் வரிக் கணக்கு

இதைப் பத்தாவது படியாக வைப்பவர்கள்தான் அதிகம். மூன்றாவதாக வைக்கக் காரணம், எவ்வளவு, எப்போது, எந்த நாணயத்தில் வாங்குவது என்பதையே இது மாற்றிவிடும்.

2022 ஏப்ரல் 1 முதல், இந்தியாவில் கிரிப்டோ நாணயமும் என்.எஃப்.டியும் மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என்ற ஒரே தலைப்பில் வருகின்றன. லாபத்துக்கு 30% வரி, அதன் மேல் 4% செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க முடியாது. நஷ்டத்தை இன்னொரு லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1% டிடிஎஸ் பிடித்தமும் உண்டு.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது: ஈத்தர் (எத்தீரியத்தின் நாணயம்) கொடுத்துப் படம் வாங்குவதே ஒரு விற்பனை. ஈத்தரை விற்றதாகக் கணக்கு. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 1,00,000 ரூபாய்க்கு வாங்கிய ஈத்தர் ஏறி 1,40,000 ஆகிவிட்டது. அதைக் கொடுத்து ஒரு படம் வாங்குகிறீர்கள். ரூபாய் ஒன்றுகூட வங்கிக்கு வரவில்லை, ஆனால் 40,000 லாபத்துக்கு 12,480 ரூபாய் வரி வந்துவிட்டது. அந்தப் படத்தை 60,000 ரூபாய் மதிப்புக்குத்தான் விற்க முடிந்தது என்று வையுங்கள். 80,000 நஷ்டம். அப்போதும் அந்த 12,480 குறையாது.

அதனால் நான் சொல்வது: பழைய, நிறைய ஏறிய ஈத்தரை எடுத்துப் படம் வாங்காதீர்கள். வாங்கப் போகும் வாரத்தில், தேவையான அளவு மட்டும் புதிதாக வாங்குங்கள். அதே எக்ஸ்சேஞ்சில் பழைய இருப்பும் இருந்தால், எதை முதலில் விற்றதாக எடுப்பது என்ற கேள்வி வரும். வெளிநாட்டுத் தளத்தில் நடக்கும் விற்பனையில் டிடிஎஸ் யார் பொறுப்பு என்பதும் சிக்கலானது. கிரிப்டோ கணக்குப் பார்த்துப் பழகிய ஆடிட்டரிடம் ஒரு முறை போய் உட்காருங்கள். அந்த ஃபீஸ் வீண் போகாது.

4. வாலெட் இரண்டு வேண்டும்

மெட்டாமாஸ்க் போன்ற ஒன்றை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வருவதைத் தொடவே வேண்டாம். போலி வாலெட்டுகள் அங்கேதான் நிற்கும். டெசோஸுக்குத் தனி வாலெட் வேண்டும், டெம்பிள் அல்லது குக்காய்.

அமைக்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் வரும். இதுதான் சீட் ஃபிரேஸ். இது யாரிடம் இருக்கிறதோ, வாலெட் அவருடையது. நோட்டில் பேனாவால் எழுதுங்கள். போட்டோ எடுத்தால் அது கூகுள் போட்டோஸுக்குப் போகும், அங்கிருந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்க்ரீன்ஷாட், மின்னஞ்சல் டிராஃப்ட், “எனக்கு நானே” வாட்ஸ்அப் எதுவும் வேண்டாம்.

அடுத்தது, கிட்டத்தட்ட யாருமே செய்யாத ஒரு படி. பணம் போடுவதற்கு முன், வாலெட் காலியாக இருக்கும்போதே, எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு நோட்டில் எழுதியதை மட்டும் வைத்து மீட்டெடுத்துப் பாருங்கள். முகவரி அதேதான் வருகிறதா? சரி, இப்போது அடுத்த படிக்குப் போகலாம். ஒரு தம்பி எட்டாவது சொல்லையும் ஒன்பதாவது சொல்லையும் மாற்றி எழுதியிருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தோம். உள்ளே பணம் இருந்த பிறகு லேப்டாப் கெட்டிருந்தால்?

இரண்டாவது வாலெட் பெட்டகம். வேறு சீட் ஃபிரேஸோடு, முடிந்தால் லெட்ஜர் அல்லது ட்ரெசர் போன்ற ஹார்டுவேர் வாலெட்டில். முதல் வாலெட் கடைத்தெருவுக்குக் கொண்டுபோகும் பர்ஸ். அதை எல்லாத் தளத்தோடும் இணைக்கலாம். பெட்டகத்தை எந்தத் தளத்தோடும் இணைக்கவே கூடாது. வாங்கிய படங்கள் அங்கே போய்த் தங்கும். ஹார்டுவேர் வாலெட்டைப் பழையதாகவோ தெரியாத விற்பனையாளரிடமோ வாங்காதீர்கள். சீட் ஃபிரேஸ் எழுதிய அட்டையோடு வந்தால் அது உங்களுக்கு முன்பே வேறொருவருக்குச் சொந்தம்.

5. ரூபாயை வாலெட் வரை கொண்டுபோவது

இந்தியாவின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சா என்று பாருங்கள். 2023 மார்ச்சிலிருந்து இவர்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று: வாங்கிய ஈத்தரை வெளி வாலெட்டுக்கு அனுப்ப விடுவார்களா? எல்லா இடத்திலும் விடுவதில்லை. நான் முதலில் கணக்குத் திறந்த இடத்தில் பணம் போட்ட பிறகுதான் இது தெரிந்தது. விற்று வெளியே வந்தபோது 1% டிடிஎஸ் பிடித்தார்கள், ஒரு படமும் வாங்காமலேயே.

முதலில் மிகச் சிறு தொகையை அனுப்பிப் பாருங்கள். வந்ததா என்று ஈத்தர்ஸ்கேனில் (எத்தீரியப் பரிவர்த்தனைகளைக் காட்டும் தளம்) உங்கள் முகவரியைப் போட்டுப் பார்த்த பிறகு மீதியை அனுப்புங்கள். இரண்டு முறை கட்டணம் போகும், போகட்டும்.

நெட்வொர்க் பெயரைக் கவனியுங்கள். எத்தீரியம், பேஸ், பாலிகன் எல்லாவற்றிலும் உங்கள் முகவரி ஒன்றுபோலவே இருக்கும், பணம் இருக்கும் இடம் வேறு. படம் எத்தீரியத்தில், உங்கள் ஈத்தர் பேஸில் என்றால் வாங்க முடியாது.

முகவரியைப் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து நகலெடுக்காதீர்கள். முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகள் உங்களுடையதைப் போலவே இருக்கும் முகவரியிலிருந்து யாராவது சில்லறை அனுப்பி அந்தப் பட்டியலுக்குள் நுழைந்திருப்பார்கள். 2024 மே மாதம் ஒருவர் இப்படி ஏமாந்து ஏறக்குறைய 6.8 கோடி டாலர் மதிப்புள்ள நாணயத்தைத் தவறான முகவரிக்கு அனுப்பினார். அவருக்குப் பிறகு திரும்பக் கிடைத்தது, அது அபூர்வம்.

6. ஒரு மாதம் வாங்காமல் பார்ப்பது

வாலெட்டில் பணம் வந்தவுடன் கை அரிக்கும். அரிக்கட்டும்.

முதலில் ஒரு சின்ன வட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பிக்சல் ஓவியம், கிளிட்ச் (கணினிப் பிழைபோல் தெரியும் படம்), புகைப்படம், ஜெனரேட்டிவ் ஓவியம், எதுவானாலும் சரி. எனக்குப் பிடித்தது ஜெனரேட்டிவ். ஓவியர் ஒரு நிரலை எழுதுகிறார், வாங்கும் நொடியில் உருவாகும் ஒரு எண்ணை வைத்து நிரல் படத்தை வரைகிறது. டைலர் ஹாப்ஸின் ஃபிடென்சா தொகுப்பில் 999 படங்கள், ஒன்றுபோல் இன்னொன்று கிடையாது. அந்த 999-ஐயும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்க்கலாம், காசில்லை. பார்த்து முடிக்கும்போது எது வழக்கமான வெளிப்பாடு, எது அபூர்வம் என்று கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும். புள்ளிவிவரத் தளங்கள் தரும் அபூர்வ மதிப்பெண்ணை விட அந்தக் கண்ணை நான் அதிகம் நம்புவேன்.

பிறகு ஐந்து ஓவியர்களைக் குறித்துக்கொண்டு நோட்டில் எழுதிவாருங்கள். மாதத்துக்கு எத்தனை படைப்பு வெளியிடுகிறார்? அவரிடமிருந்து நேரடியாக எத்தனை விற்றது? மறுவிற்பனை நடக்கிறதா? வாங்கியவர்கள் யார்? நூறு பிரதி எடிஷனில் அறுபது ஒரே வாலெட்டில் இருந்தால், விலையைத் தீர்மானிப்பது அந்த ஒரு ஆள். வாரம் இரண்டு எடிஷன் போடுகிறவரின் பழைய எடிஷனுக்கு மறுவிற்பனைச் சந்தை இருக்காது, ஏனென்றால் அடுத்த செவ்வாய்க்கிழமை புதியது வந்துவிடும்.

விற்பனை எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். 2021 அக்டோபரில் கிரிப்டோபங்க் 9998 என்ற படம் 53 கோடி டாலருக்கு மேல் விற்றதாகப் பதிவானது. ஒரே பரிவர்த்தனைக்குள் கடன் வாங்கி, தன் படத்தைத் தானே வாங்கி, கடனைத் திருப்பிய வேலை அது. தொகை பெரிதாக இருந்ததால் எல்லோர் கண்ணிலும் பட்டது. இரண்டு வாலெட்டுக்கு இடையே அரை ஈத்தருக்குக் கைமாறும் படத்தை யார் பார்க்கிறார்கள்? தொடர்ந்து அதே இரண்டு மூன்று முகவரிகள் வாங்கி விற்றால், ஈத்தர்ஸ்கேனில் அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒரே ஊற்றிலிருந்து வந்திருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

பழகுவதற்கு டெசோஸ் நல்ல இடம். கட்டணம் மிகக் குறைவு, நல்ல ஓவியர்களின் எடிஷன்கள் ஒரு வேளை சாப்பாட்டு விலைக்குக்கூடக் கிடைக்கும். ஆப்ஜெக்ட் தளத்தில் தேடிப் பாருங்கள். விளையாட்டு டோக்கன், கிளப் உறுப்பினர், எதிர்காலத் திட்டப் பட்டியல் என்று வாக்குறுதிகளோடு வருவதை நான் ஓவியக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது வேறு வியாபாரம்.

7. வில்லங்கம் பார்ப்பது

படம் பிடித்துவிட்டது. இனி அரை மணி நேரம் படத்தைப் பார்க்காதீர்கள்.

முதலில் கான்ட்ராக்ட் முகவரி. ஓவியரின் சொந்த இணையதளத்துக்கோ, அவர் நீண்ட நாளாக வைத்திருக்கும் கணக்குக்கோ போய், அங்கிருந்து மார்க்கெட் பக்கத்துக்கு வாருங்கள். மார்க்கெட் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டி வரக்கூடாது. 2022 ஜனவரியில் ஓப்பன்சீ என்ற என்.எஃப்.டி மார்க்கெட்டே சொன்னது: தங்கள் இலவச மின்ட் (டோக்கன் உருவாக்கும்) கருவியில் உருவானவற்றில் 80%-க்கு மேல் திருட்டு, போலி, குப்பை. அதே பெயர், அதே படம், அதே விவரம் எல்லாவற்றையும் நகலெடுக்கலாம். கான்ட்ராக்ட் முகவரியை மட்டும் நகலெடுக்க முடியாது. 42 எழுத்தையும் ஒப்பிடுங்கள்.

அடுத்தது, உண்மையில் யார் உருவாக்கியது? “உருவாக்கியவர்” என்று தளம் காட்டும் பெயர் மட்டும் போதாது. பீப்பிள் என்ற ஓவியரின் “எவ்ரிடேஸ்” என்.எஃப்.டி 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6.93 கோடி டாலருக்குப் போனது நினைவிருக்கும். வாங்கியவர் தமிழரான விக்னேஷ் சுந்தரேசன். அடுத்த மாதமே ஒருவர் அதே படத்தின் இரண்டாவது பிரதியை, பீப்பிளின் வாலெட்டே உருவாக்கியதுபோலப் பதிவாகும்படி மின்ட் செய்து காட்டினார். கான்ட்ராக்ட்டை எழுதுபவர் அதில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதை நிரூபிக்கத்தான் அதைச் செய்தார். அதனால் ஈத்தர்ஸ்கேனில் மின்ட் பரிவர்த்தனையைத் திறந்து, அதை அனுப்பிய முகவரியைப் பாருங்கள். கட்டணம் கட்டியது யார் என்பதில் பொய் சொல்ல முடியாது. அந்த முகவரி ஓவியருடையதாகவோ, அவர் படம் வெளியிட்ட மேடையிலிருந்து முதலில் வாங்கியவருடையதாகவோ இருக்க வேண்டும்.

மூன்றாவது, படம் எங்கே இருக்கிறது? ஈத்தர்ஸ்கேனில் கான்ட்ராக்ட்டைத் திறந்து, “டோக்கன் யூஆர்ஐ” என்ற இடத்தில் டோக்கன் எண்ணைக் கொடுத்தால் மெட்டாடேட்டா முகவரி வரும். சாதாரண இணையதள முகவரியாக வந்தால், அந்தத் தளம் இருக்கும்வரைதான் படம். அதன் உரிமையாளர் நினைத்தால் படத்தையே மாற்றலாம். சிக்னல் செயலியை உருவாக்கிய மாக்ஸி மார்லின்ஸ்பைக், ஒவ்வொரு தளத்தில் ஒவ்வொரு மாதிரித் தெரிந்து, வாங்கியவர் வாலெட்டில் மலம் இமோஜியாக மாறும் ஒரு டோக்கனைச் செய்தே காட்டினார்.

ஐபிஎஃப்எஸ் (பலரின் கணினிகளில் கோப்பைப் பகிர்ந்து வைக்கும் முறை) முகவரி வந்தால் நிலைமை மேல். அங்கே முகவரி கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே உருவாகிறது, அதனால் கோப்பை மாற்றினால் முகவரியும் மாறிவிடும். ஆனால் யாராவது ஒருவர் அந்தக் கோப்பைத் தன் கணினியில் வைத்திருக்க வேண்டும். 2021 நவம்பரில் டெசோஸின் ஹிக் எட் நன்க் தளத்தை அதன் நிறுவனர் திடீரென்று மூடினார். கோப்புகள் ஐபிஎஃப்எஸ்ஸில் இருந்ததால் பயனர்களே மாற்றுத் தளங்களை எழுப்பிவிட்டார்கள், படங்கள் பிழைத்தன. ஆர்வீவ் என்பது ஒருமுறை பணம் கட்டி நீண்டகாலம் சேமிக்கும் முறை. எல்லாவற்றிலும் உறுதியானது, படமே பிளாக்செயினில் இருப்பது: ஆட்டோகிளிஃப்ஸ் என்ற தொகுப்பின் 512 படங்களும் அப்படித்தான். ஆர்ட் பிளாக்ஸ் என்ற ஜெனரேட்டிவ் ஓவிய மேடையில் வரையும் நிரல் பிளாக்செயினில் இருக்கும், படத்தை மறுபடி வரைந்துகொள்ளலாம்.

கடைசியாக எண்ணிக்கை. எடிஷன் பத்து என்றால், பதினொன்றாவதை உருவாக்க முடியாதபடி கான்ட்ராக்ட் பூட்டப்பட்டிருக்கிறதா? அதே படம் வேறு செயினில் விற்கப்பட்டிருக்கிறதா? படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரியும். இதில் சிக்கும் போலிகள் ஏராளம்.

8. வாங்கும் நாள்

படத்தின் விலையோடு கேஸ் கட்டணமும் (பரிவர்த்தனையைப் பதிவு செய்ய நெட்வொர்க்குக்குக் கொடுப்பது) சேரும். எத்தீரியத்தில் அது நேரத்துக்கு நேரம் மாறும், அவசரம் இல்லையென்றால் குறையும்வரை காத்திருங்கள். வாலெட்டில் கட்டணத்துக்கென்று கொஞ்சம் ஈத்தர் மிச்சம் வையுங்கள். தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கும் கட்டணம் போகும். பரபரப்பான மின்ட்டில் முண்டியடிப்பவர்கள் படமும் கிடைக்காமல் கட்டணமும் இழப்பது இதனால்தான்.

கேட்கும் விலைக்கு அப்படியே வாங்க வேண்டியதில்லை, ஆஃபர் கொடுக்கலாம். ஆஃபருக்கு சாதாரண ஈத்தர் போதாது, அதை டபிள்யூஈத் (அதே மதிப்புள்ள டோக்கன் வடிவம்) ஆக மாற்ற வேண்டும். நீங்கள் தூங்கும்போது விற்பவர் ஒத்துக்கொண்டால், கான்ட்ராக்ட் உங்கள் வாலெட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டுமே, அதற்காக. ஆஃபருக்குக் காலாவதி ஒரு நாள் அல்லது இரண்டு நாள் மட்டும் கொடுங்கள். மூன்று மாத ஆஃபர் மறந்துபோகும்; ஈத்தர் விலை ஏறிய பிறகு ஒரு விடியற்காலையில் ஏற்கப்பட்டிருக்கும். தொகுப்பு முழுமைக்குமான ஆஃபரும் புதியவர்களுக்கு வேண்டாம். அதை ஏற்பவர் தன்னிடம் உள்ளதில் மோசமான படத்தைத்தான் தள்ளிவிடுவார்.

வாலெட் திறக்கும் கையெழுத்துச் சாளரத்தை வாசியுங்கள். “செட் அப்ரூவல் ஃபார் ஆல்” என்று வந்தால், அந்தத் தொகுப்பில் உங்களிடம் உள்ள எல்லாவற்றையும் எடுக்க அனுமதி கேட்கிறார்கள் என்று பொருள். விற்கும்போது மார்க்கெட் இதைக் கேட்பது வழக்கம்தான். வாங்கும்போது அது வருவதற்குக் காரணமே இல்லை, ரத்து செய்துவிட்டு வெளியே வாருங்கள். கேஸ் கட்டணம் இல்லாத கையெழுத்துகூட வெற்றுக் காசோலை ஆகலாம். 2022 பிப்ரவரியில் ஓப்பன்சீ பயனர்கள் 17 பேர் போலிக் கையெழுத்து வலையில் விழுந்து படங்களை இழந்தார்கள். தளம் உடைக்கப்படவில்லை, கையெழுத்து அவர்களே போட்டது.

9. வாங்கிய அன்றே முடிக்க வேண்டியவை

படம் வாலெட்டில் தெரியவில்லையா? பதறாதீர்கள். பெரும்பாலும் வாலெட் வேறு நெட்வொர்க்கில் இருக்கும், அல்லது என்.எஃப்.டிகளைத் தானாகக் காட்டும் வசதி அணைக்கப்பட்டிருக்கும். ஈத்தர்ஸ்கேனில் உங்கள் முகவரிக்கு டோக்கன் வந்திருந்தால் அது உங்களுடையதுதான். டிஸ்கார்டு அரட்டைக் குழுவில் உதவி கேட்டு எழுதினால், இரண்டு நிமிடத்தில் “சப்போர்ட்” என்று ஒருவர் வந்து சீட் ஃபிரேஸைக் கேட்பார். அதைக் கேட்கிற எவனும் திருடன்.

டோக்கனைப் பெட்டகத்துக்கு மாற்றுங்கள். படக் கோப்பையும் மெட்டாடேட்டாவையும் இறக்கி ஒரு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். ரிவோக் டாட் கேஷ் தளத்தில் பர்ஸ் வாலெட்டின் முகவரியைப் போட்டு, தேவையில்லாத அனுமதிகளை ரத்து செய்யுங்கள்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு வரி: தேதி, படம், கொடுத்த ஈத்தர், அன்றைய ரூபாய் மதிப்பு, அந்த ஈத்தரை எத்தனை ரூபாய்க்கு வாங்கினீர்கள், கேஸ், பரிவர்த்தனை எண். பெட்டகத்துக்கு மாற்றியதையும் “சொந்த வாலெட்” என்று குறியுங்கள். இல்லாவிட்டால் ஒரு வருடம் கழித்து அது விற்பனைபோலத் தெரியும். அன்றைய ரூபாய் விலையைப் பிறகு தேடுவது எவ்வளவு எரிச்சலான வேலை என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கேட்காமல் வந்து விழும் டோக்கன்களைத் தொடாதீர்கள். “பரிசு பெற இங்கே வாருங்கள்” என்று படத்திலேயே முகவரி எழுதியிருக்கும். மறைத்து வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

வீட்டில் ஒருவருக்காவது அந்த நோட்டு எங்கே இருக்கிறது, எதற்கு என்று சொல்லி வையுங்கள். நாமினி போடும் வசதி இங்கே கிடையாது.

10. விற்க நினைத்தால்

ஃப்ளோர் விலை என்பது ஒரு தொகுப்பில் யாரோ ஒருவர் கேட்கும் மிகக் குறைந்த விலை. உங்கள் படத்துக்கு இன்று கிடைக்கக்கூடியது, மேசையில் இருக்கும் உயர்ந்த ஆஃபர் மட்டும்தான். ட்விட்டர் நிறுவனர்களில் ஒருவரான ஜாக் டார்சியின் முதல் ட்வீட், என்.எஃப்.டியாக 2021 மார்ச்சில் சுமார் 29 லட்சம் டாலருக்கு விற்றது. வாங்கியவர் 2022 ஏப்ரலில் 4.8 கோடி டாலர் கேட்டு ஏலம் விட்டார். ஏலம் முடிந்தபோது வந்திருந்த உயர்ந்த ஏலக் கேட்பு 300 டாலரைக்கூடத் தொடவில்லை. என் தொகுப்பிலும் ஆஃபரே வராத படங்கள்தான் பாதிக்கு மேல். சுவரில் ஒரு பழைய டேப்லெட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன, அதுவே எனக்குப் போதும். முதலீடாக மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பத்தி ஒன்றே முடிவெடுக்கப் போதும்.

விற்கும் படத்தை மட்டும் பெட்டகத்திலிருந்து பர்ஸுக்கு மாற்றுங்கள். அதற்கு முன் அந்தப் படத்தின் பழைய லிஸ்டிங் (விற்பனைப் பதிவு) ஏதாவது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வாலெட்டை விட்டு வெளியே போனால் லிஸ்டிங் மறையும், ரத்தாகாது. படம் திரும்பி வந்ததும் பழைய விலைக்கு விற்பனைக்கு நிற்கும். 2022 ஜனவரியில் போர்டு ஏப் 9991 என்ற படம் இப்படித்தான் 0.77 ஈத்தருக்குப் போய், வாங்கியவரால் உடனே 84.2 ஈத்தருக்கு விற்கப்பட்டது.

ஆஃபரை ஏற்கும்போது நாணயத்தைப் பாருங்கள். 1 டபிள்யூஈத் என்று கண் வாசிக்கும், எழுதியிருப்பது 1 யூஎஸ்டிசி (ஒரு டாலர் மதிப்புள்ள நாணயம்). மறுவிற்பனையில் ஓவியருக்குப் போகும் ராயல்டி ஓப்பன்சீயில் இப்போது பெரும்பாலான தொகுப்புகளுக்குக் கட்டாயமில்லை. நான் கொடுத்துவிடுகிறேன். சின்ன வட்டம் இது, ஓவியர்கள் யார் கொடுத்தார் என்று பார்க்கிறார்கள், அடுத்த வெளியீட்டில் முன்னால் நிற்க இடம் கொடுக்கிறார்கள்.

விற்ற தொகையில் வரிக்கான பங்கை அன்றே ரூபாயாக மாற்றி, தொடாத வங்கிக் கணக்கில் போடுங்கள். ஈத்தராகவே வைத்திருந்து அது பாதியாக இறங்கினாலும், விற்ற நாளின் மதிப்புக்குத்தான் வரி. வருடத்து வரி 10,000 ரூபாயைத் தாண்டும் என்றால் முன்கூட்டிய வரியைத் தவணையாகக் கட்ட வேண்டியிருக்கும், தேதிகளை ஆடிட்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ரிட்டர்னில் மெய்நிகர் டிஜிட்டல் சொத்துகளுக்கென்று தனி அட்டவணை இருக்கிறது: வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, கிடைத்த தொகை. ஒன்பதாவது படியில் எழுதிவைத்த வரிகள் அப்படியே அங்கே போய் உட்காரும்.